போர்டில் யாருக்கு இடம்? திறமூல அமைப்புகளின் நிர்வாகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறமூல மென்பொருள் (ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரலை யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) திட்டங்களில் பங்களிப்பவர்களிடம் நிர்வாகம் என்று பேச்செடுத்தாலே, ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் புதிதாக வருபவர்களுக்கு. ஏற்கெனவே ஒரு அமைப்பில் ஓட்டுரிமை வைத்திருப்பவர்கள் நேராக நான்காவது கேள்விக்குப் போய்விடலாம்.

1. கோடு எழுத ஆள் இருக்காங்க, ரிவியூ பண்ணவும் இருக்காங்க. போர்டு எதுக்கு?

கோடு, அதாவது நிரல், எழுத போர்டு தேவையில்லைதான். ஆனால் திட்டம் வளர வளர, கோடு அல்லாத சொத்துகள் சேர்ந்துகொண்டே போகும்: பெயர், லோகோ, டொமைன், சர்வர், நன்கொடைப் பணம், மாநாட்டு அரங்குக்குப் போட்ட ஒப்பந்தம். இவையெல்லாம் யாராவது ஒருவர் பெயரில் இருந்தாக வேண்டும். தனி மனிதர் பெயரில் இருந்தால், அவர் விலகினாலோ காலமானாலோ, வழக்கு என்று ஒன்று வந்தாலோ எல்லாமே சிக்கல். அதனால்தான் சட்டப்படி பதிவான ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. அந்த அமைப்பின் சார்பில் கையெழுத்துப் போட்டு, கணக்குக் காட்டி, தவறு நடந்தால் பதில் சொல்லப் பொறுப்பேற்கிறவர்கள்தான் போர்டு, அதாவது நிர்வாகக் குழு.

அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளை உருவாக்கிய அப்பாச்சி குரூப் என்ற தன்னார்வலர் கூட்டம் 1999-ல் அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனாகப் பதிவானது இதற்காகத்தான். லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளமான டெபியன் வேறு வழியில் போனது. அதன் பணத்தையும் வணிகச்சின்னத்தையும் வைத்துக்கொள்ள, 1997-ல் தொடங்கிய சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்டரஸ்ட் என்ற தனி அமைப்பு இருக்கிறது. திட்டம் தன் போக்கில் நடக்கிறது.

2. அப்போ எந்த கோடு உள்ளே போகணும்னும் போர்டுதான் சொல்லுமா?

பெரும்பாலான இடங்களில் இல்லை. அப்பாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக ஒரு நிர்வாகக் கமிட்டி உண்டு. ஒரு மாற்றம் சரியில்லை என்று தோன்றினால் கமிட்டி உறுப்பினர் மெயிலில் −1, அதாவது எதிர்ப்பு ஓட்டு, போடலாம். ஆனால் வெறும் −1 செல்லாது, தொழில்நுட்பக் காரணத்தையும் எழுதினால்தான் அது வீட்டோ, அதாவது அந்த மாற்றத்தையே நிறுத்தும் ஓட்டு. "இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் வந்தால் இந்த லாக் விடுபடாது" என்பது காரணம். "இந்த அணுகுமுறை எனக்கு ஒத்துவரவில்லை" என்பது காரணம் ஆகாது. புதிய பதிப்பை வெளியிட வேறு கணக்கு: குறைந்தது மூன்று +1 (ஆதரவு ஓட்டு) விழ வேண்டும், எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாக இருக்க வேண்டும், அங்கே வீட்டோ கிடையாது. இது எதிலும் ஒன்பது பேர் கொண்ட போர்டு தலையிடுவதில்லை.

பைத்தான் என்ற நிரல்மொழியிலும் அப்படித்தான். பணமும் பெயரும் பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனிடம், மொழி எப்படி மாற வேண்டும் என்ற முடிவு ஐவர் கொண்ட ஸ்டீயரிங் கவுன்சிலிடம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எந்த வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் எடுப்பது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்று போர்டு முடிவு செய்யும்போது, கோடு போகிற திசையும் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதனால் "போர்டு கோடைத் தொடுவதில்லை, நமக்கென்ன" என்று இருந்துவிட முடியாது.

3. ஆரம்பிச்சவரே எல்லாத்தையும் முடிவு பண்றார். நல்லாத்தானே போகுது?

நன்றாகப் போகிற வரை போகும். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் நெடுங்காலம் கடைசி வார்த்தை சொல்பவராக இருந்தார். ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய 572-ஆம் முன்மொழிவில் மூண்ட சண்டை அவரைச் சோர்வடையச் செய்தது. 2018 ஜூலையில், தனக்குப் பின் யார் என்று சொல்லாமலேயே அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். மையக் குழுவினர் பல மாதிரிகளை எழுதிவைத்து விவாதித்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஓட்டுப்போட்டு ஸ்டீயரிங் கவுன்சில் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பைத்தானில் பொறுமையும் அனுபவமும் உள்ள பலர் இருந்ததால் அந்த இடைவெளியைத் தாண்ட முடிந்தது. எல்லாத் திட்டத்துக்கும் அந்த வாய்ப்பு அமையாது. அதனால், நிறுவனர் எல்லோரிடமும் நல்ல பெயரோடு இருக்கும்போதே "நாளை நான் இல்லையென்றால் யார், எப்படி" என்று எழுதிவைப்பதுதான் நல்லது. சண்டை மூண்ட பிறகு எழுதும் விதி, அந்தச் சண்டையில் ஒரு கட்சியின் விதியாகத்தான் பார்க்கப்படும்.

4. போர்டுல யாரெல்லாம் உட்காரலாம்? ஒரே முறைதானா?

இல்லை. அப்பாச்சியில் உறுப்பினர்கள் தனி மனிதர்கள் மட்டுமே. அவர்கள் ஆண்டுதோறும் ஒன்பது இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கம்பெனி எவ்வளவு நிதி கொடுத்தாலும் அதற்காக இடம் கிடைக்காது. லினக்ஸ் ஃபவுண்டேஷன் இதற்கு நேர் எதிர். அங்கே உறுப்பினர்கள் கம்பெனிகள். ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் கட்டும் பிளாட்டினம் உறுப்பினருக்குத் தனி இடம் உண்டு, கீழ்நிலை உறுப்பினர்கள் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள்.

நடுவில் கலப்பு முறைகள் இருக்கின்றன. ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளுக்காக 2012-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் ஃபவுண்டேஷன் 24 இடங்களை மூன்றாகப் பிரித்தது: எட்டு பிளாட்டினம் கம்பெனிகளுக்கு, எட்டு கோல்டு கம்பெனிகளின் பிரதிநிதிகளுக்கு, எட்டு தனி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பவர்களுக்கு. எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் போர்டில் கம்பெனிகளோடு, கமிட்டர்கள் (கோடை நேரடியாகச் சேர்க்கும் உரிமை உள்ளவர்கள்) தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள்.

5. காசு கொடுத்தா சீட்டுன்னா, அது விலைக்கு விக்கிறதுதானே?

அடிக்கடி கோபத்தோடு வரும் கேள்வி இது. கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் முதலில் அந்த அமைப்பு எந்த வகை என்று பாருங்கள். அமெரிக்க வரிச் சட்டத்தில் 501(சி)(3) என்பது பொதுநல அறக்கட்டளை. அப்பாச்சியும் பைத்தான் ஃபவுண்டேஷனும் இந்த வகை. 501(சி)(6) என்பது ஒரு தொழிலில் உள்ளவர்கள் தங்கள் பொது நலனுக்காகச் சேரும் வணிகச் சங்கம். லினக்ஸ் ஃபவுண்டேஷன் இந்த வகை. வணிகச் சங்கத்தில் சந்தா கட்டுபவர்கள் போர்டில் இருப்பது ஏமாற்று வேலை அல்ல, அது வெளிப்படையாகச் சொல்லி நடப்பதுதான். பெயரில் "ஃபவுண்டேஷன்" என்று இருப்பதால் எல்லாமே அறக்கட்டளை என்று நாம்தான் எடுத்துக்கொள்கிறோம்.

கம்பெனிக்கு இடம் கொடுப்பது தன்னளவில் தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் செலவு செய்பவர்களுக்கு, அது எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை இருக்கட்டும். ஆனால் பங்களிப்பவர்களின் சம்மதம் இல்லாமலே எல்லாமே நிறைவேறும் என்றால், அங்கேதான் தப்பு. ரஸ்ட் என்ற நிரல்மொழிக்காக 2021-ல் தொடங்கிய ரஸ்ட் ஃபவுண்டேஷன் இதற்கு நல்ல வழி கண்டது. அதன் போர்டில் கம்பெனிகளின் இயக்குநர்களும் இருக்கிறார்கள், ரஸ்ட் திட்டம் அனுப்பும் இயக்குநர்களும் இருக்கிறார்கள். ஒரு தீர்மானம் நிறைவேற மொத்தத்தில் பெரும்பான்மை போதாது, இரு தரப்பிலும் தனித்தனியாகப் பெரும்பான்மை வேண்டும். கம்பெனிகள் எத்தனை கூடினாலும் திட்டத்தின் தரப்பை எண்ணிக்கையால் அமுக்க முடியாது.

லினக்ஸ் கணினிகளுக்கான திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் திட்டம் இன்னொரு வழி: கம்பெனிகளுக்கு ஆலோசனைக் குழுவில் இடம் உண்டு, முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. போர்டை பங்களிப்பவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

6. தேர்தல் நடத்தியும் ஒரே கம்பெனி ஆளுங்களே நிறைஞ்சுட்டா?

அதற்குத்தான் உச்சவரம்பு. லிப்ரேஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் போர்டில் ஒரே நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது. பல சர்வர்களில் மென்பொருளை இயக்க உதவும் குபர்நெட்டீஸ் திட்டத்தின் ஸ்டீயரிங் கமிட்டியிலும் அதே அளவுதான். பைத்தான் கவுன்சிலில் ஐவரில் இருவருக்கு மேல் ஒரே முதலாளியிடம் வேலை பார்க்கக் கூடாது.

வரம்பு எழுதும்போது பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. தேர்தல் நாளில் கணக்கு சரியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒருவர் வேலை மாறுவார், அல்லது ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கிவிடும். அன்றைக்கு யார் விலக வேண்டும்? குபர்நெட்டீஸ் விதி இதை நேராகவே சொல்கிறது: வேலை மாற்றத்தாலோ கம்பெனி கைமாறியதாலோ வரம்பு மீறினால், கணக்கு சரியாகும் வரை உறுப்பினர்கள் விலக வேண்டும். ஒப்பந்த ஊழியர்கள், துணை நிறுவனங்கள், மொத்த வருமானமும் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருபவர்கள் எந்தக் கணக்கில் சேருவார்கள் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

7. என்னை அனுப்பினது என் கம்பெனி. நான் அதுக்காகத்தானே பேசணும்?

இல்லை. கம்பெனி கொடுத்த இடமாகவே இருந்தாலும், இயக்குநராக உட்கார்ந்த பிறகு உங்கள் கடமை அந்த அமைப்புக்கு. கவனத்தோடு செயல்பட வேண்டும், அமைப்புக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற இரண்டையும் அமெரிக்கச் சட்டம் இயக்குநர்கள் மேல் வைக்கிறது. தேர்தலில் வென்று வந்தவர்களுக்கும் இதே விதிதான். ஓட்டுப்போட்டவர்களின் கருத்தைக் கொண்டுவரலாம், கொண்டுவரவும் வேண்டும். ஆனால் அமைப்புக்குக் கெடுதல் என்று தெரிந்தும் "என் ஆட்கள் கேட்டார்கள்" என்று ஓட்டுப்போட முடியாது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்றால்: அன்றைய நிகழ்ச்சி நிரலில் பில்ட் சர்வர்களுக்கான (கோடை ஓடும் மென்பொருளாக மாற்றும் சர்வர்கள்) ஒப்பந்தம் இருக்கிறது. விலைப்புள்ளி கொடுத்த மூன்று கம்பெனிகளில் ஒன்றில் இயக்குநர் ஒருவர் வேலை பார்க்கிறார். அந்த விஷயம் வருமுன் அவரே அதைச் சொல்கிறார். மற்றவர்கள் அவரிடம் தொழில்நுட்ப விவரம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு அவர் அழைப்பிலிருந்து வெளியேறுகிறார். விவாதமும் ஓட்டும் முடிந்த பிறகு அவரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். எப்போது வெளியேறினார், எப்போது திரும்பினார் என்று கூட்டக் குறிப்பில் ஏறுகிறது. "நான் ஓட்டுப்போடவில்லை, சும்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்" என்பது போதாது. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது மற்ற இரண்டு விலைகளைப் பற்றி யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

8. நான் கோடு எழுதல, மொழிபெயர்ப்பு மட்டும்தான். எனக்கு ஓட்டு உண்டா?

நிறைய இடங்களில் உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். க்னோமில் மொழிபெயர்ப்பு, ஆவணம், வடிவமைப்பு, நிகழ்ச்சி ஏற்பாடு எல்லாமே பங்களிப்பாகக் கணக்கில் வரும். உறுப்பினராக விண்ணப்பித்தால் போர்டு தேர்தலில் ஓட்டுப்போடலாம், நிற்கவும் நிற்கலாம். டெபியனில் முன்பு பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்) பராமரிப்பவர்கள்தான் முழு உறுப்பினர்கள் என்ற நிலை இருந்தது. 2010-ல் பொதுத் தீர்மானம் போட்டு, மற்ற வகையில் பங்களிப்பவர்களையும் முழு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

உங்கள் அமைப்பில் ஓட்டுரிமையை கமிட் (கோடில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றம்) எண்ணிக்கையை வைத்து முடிவு செய்கிறார்கள் என்றால், அதை மாற்றச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை எளிதாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை.

9. அதிக ஓட்டு வாங்கினவங்க ஜெயிச்சாங்க. இதுல என்ன பிரச்சினை?

ஒரே ஒரு இடத்துக்கான போட்டியில்கூட இது சிக்கல்தான், பல இடங்களுக்கு இன்னும் மோசம். ஐந்து இடம், ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டு என்று வையுங்கள். நூறு பேரில் நாற்பது பேர் ஒரே பட்டியலுக்கு ஒழுங்காக ஓட்டுப்போட, மீதி அறுபது பேரின் ஓட்டு பல பேருக்குச் சிதறினால், அந்த நாற்பது பேர் ஐந்து இடத்தையும் அள்ளிக்கொள்வார்கள். இதைத் தடுக்கத்தான் அப்பாச்சி, விருப்ப வரிசைப்படி எண்ணும் ஒற்றை மாற்று வாக்கு முறையைப் பயன்படுத்துகிறது. அதில் நாற்பது சதவீத ஆதரவுக்குக் கிட்டத்தட்ட அந்த அளவு இடம்தான் கிடைக்கும்.

டெபியன் தலைவர் தேர்தலில் வேட்பாளர்களை இருவர் இருவராக ஒப்பிட்டு எண்ணும் கான்டோர்செட் முறை. அந்தச் சீட்டில் எப்போதும் "மேற்கண்ட யாரும் வேண்டாம்" என்ற வரி ஒன்று இருக்கும். அந்த வரியை வெல்ல முடியாத வேட்பாளர் தலைவர் ஆக முடியாது. ஒரே ஒருவர் நின்றாலும் தேர்தல் தேர்தலாகவே இருக்க இது உதவுகிறது.

எண்ணும் முறையைப் போலவே ஓட்டுப்பதிவு மென்பொருளிலும் கவனம் வேண்டும். திறமூல உரிமங்களை அங்கீகரிக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் 2021-ல் தன் ஓட்டுப்பதிவில் ஒரு பாதுகாப்புக் குறை பயன்படுத்தப்பட்டது தெரிந்ததும், தேர்தலையே மறுபடி நடத்தியது. சங்கடமான முடிவு, ஆனால் சரியான முடிவு.

10. எல்லாம் திறந்த மூலம்னு சொல்றோம். அப்புறம் ஏன் போர்டு கதவைச் சாத்திக்கிட்டு பேசுது?

சில விஷயங்களுக்குக் கதவு சாத்தித்தான் ஆக வேண்டும்: ஊழியர் சம்பளம், வழக்கறிஞர் ஆலோசனை, ஒருவர் மேல் வந்த துன்புறுத்தல் புகார், இன்னும் சரிசெய்யாத பாதுகாப்புக் குறை. இவற்றைப் பொதுவில் பேசினால் பாதிக்கப்படுவது பலவீனமானவர்கள்தான். மற்ற எல்லாம் வெளியே வர வேண்டும். மூடிய பகுதியிலும் "ஊழியர் விஷயம் ஒன்று பேசப்பட்டது, தீர்மானம் நிறைவேறியது" என்ற அளவிலாவது குறிப்பில் இருக்க வேண்டும்.

எந்தக் குழு எதற்குப் பதில் சொல்லும் என்பது தெளிவில்லாமல் போனால், ரகசியம் காப்பது எவ்வளவு நியாயமாக இருந்தாலும் நம்பிக்கை போய்விடும். 2021 நவம்பரில் ரஸ்ட் திட்டத்தின் நெறிகாப்புக் குழு (நடத்தை விதிகளைக் கவனிக்கும் குழு) மொத்தமாக விலகியது. மையக் குழு யாருக்கும் பதில் சொல்லாத இடத்தில் இருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பிறகு திட்டத்தின் தலைமை அமைப்பே மாற்றி எழுதப்பட்டு, 2023-ல் லீடர்ஷிப் கவுன்சில் வந்தது.

11. தேர்தல்ல நிக்க யாருமே வரல. பழைய ஆளுங்களே தொடரட்டுமா?

தற்காலிகமாகத் தொடரட்டும், ஆனால் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் வேலை எவ்வளவு என்று வெளியே யாருக்கும் தெரியாது. மாதம் எத்தனை மணி நேரம், எந்த நேர மண்டலத்தில் கூட்டம், பொருளாளர் வேலையைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யலாமா என்பதையெல்லாம் அறிவிப்பிலேயே எழுதினால் இரண்டு மூன்று பேராவது முன்வருவார்கள். பதவிக்காலங்களைப் படிப்படியாக முடியும்படி வைத்தால் எல்லோரும் ஒரே நாளில் போக மாட்டார்கள், புதியவர்கள் கூட இருந்தே பழகலாம்.

12. போர்டு தப்பா போகுது. தூக்க முடியுமா?

என்னைக் கேட்டால், முதல் கேள்வியாகவே இருக்க வேண்டியது இதுதான். பதில் அமைப்பின் துணைவிதிகளில் இருக்கிறது. அதில் இரண்டு பத்திகளைத் தேடுங்கள். ஒன்று, இயக்குநரை யார் நீக்கலாம். இரண்டு, துணைவிதிகளையே யார் திருத்தலாம். இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் முதலாவதையும் திருத்திவிட முடியும். நான்காவது கேள்வியில் சொன்ன இடப் பங்கீடு, ஆறாவதில் சொன்ன வரம்பு, எட்டாவதில் சொன்ன ஓட்டுரிமை எல்லாமே திருத்தும் அதிகாரம் வைத்திருப்பவரின் கையில்தான்.

லினக்ஸ் ஃபவுண்டேஷனில் தனிநபர் உறுப்பினர்களும் போர்டுக்குச் சிலரைத் தேர்ந்தெடுக்கும் வழி ஒரு காலத்தில் இருந்தது. 2016 ஜனவரியில் துணைவிதித் திருத்தத்தால் அந்த உரிமை போனது. இழந்தவர்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று விதியும் இல்லை. ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனில் சந்தா கட்டும் இணை உறுப்பினர்களுக்கு போர்டு தேர்தலில் ஓட்டு கிடையாது. 2019-ல் விலகிய அதன் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2021 மார்ச்சில் போர்டுக்குத் திரும்பியபோது, ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் திறந்த கடிதங்களில் கையெழுத்துத்தான் போட முடிந்தது. அந்தச் சர்ச்சைக்குப் பிறகு ஊழியர்களுக்கென போர்டில் ஓர் இடம் உருவானது.

பைத்தான் நேர் எதிர். கவுன்சிலால் தன் அடிப்படை விதியைத் தானே மாற்ற முடியாது. மையக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டால் ஒரு கவுன்சில் உறுப்பினரையோ முழு கவுன்சிலையோ நீக்கவும் முடியும். டெபியனில் தலைவரின் முடிவைப் பொதுத் தீர்மானத்தால் உறுப்பினர்களே மாற்றலாம். இப்படி ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்தாலே, பதவியில் இருப்பவர்கள் முன்கூட்டியே வந்து பேசுவார்கள். அதைத் திறக்க வேண்டிய நிலை அபூர்வமாகத்தான் வரும்.

13. இவ்வளவு எதுக்கு? பிடிக்கலைன்னா ஃபோர்க் பண்ணிட்டுப் போயிடலாமே?

ஃபோர்க் என்றால் கோடை நகலெடுத்துத் தனித் திட்டமாக நடத்துவது. கோடை எடுத்துக்கொண்டு போகலாம். முதல் கேள்வியில் சொன்ன மற்ற சொத்துகள் கூட வராது. ஹட்சன் என்ற மென்பொருளின் பெயர், சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிளுடையது என்று 2010 இறுதியில் தகராறு வந்தது. பங்களிப்பவர்கள் 2011 ஜனவரியில் ஓட்டுப்போட்டு, ஜென்கின்ஸ் என்ற புதுப் பெயரில் வெளியேறினார்கள். வென்றார்கள்தான், ஆனால் பயனர்கள் அறிந்த பெயரைப் பின்னால் விட்டுவிட்டு. ஓப்பன்ஆபிஸிலிருந்து 2010 செப்டம்பரில் பிரிந்த லிப்ரேஆபிஸுக்கும் அதே கதை. அந்த இரண்டிலும் கோடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சேர்ந்தே நகர்ந்தார்கள். பாதிப் பேர் மட்டும் நகர்ந்தால் இரண்டு நோயாளித் திட்டங்கள்தான் மிஞ்சும்.

ஃபோர்க்கை நிர்வாகத்தைச் சீராக்கும் வழியாகப் பயன்படுத்திய நல்ல உதாரணம், ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ். ஒரே கம்பெனியின் பிடியில் வெளியீடுகள் தாமதமாகின்றன என்று 2014 டிசம்பரில் ஐஓ.ஜேஎஸ் பிரிந்தது. அடுத்த ஆண்டே நோட்.ஜேஎஸ் ஃபவுண்டேஷன் உருவாகி, திறந்த நிர்வாக முறையோடு இரண்டும் ஒன்றுசேர்ந்தன.

14. நாங்க மொத்தமே நாலு பேர். எங்களுக்கும் இதெல்லாம் வேணுமா?

தனி அமைப்புப் பதிவு செய்ய வேண்டாம். வரிக் கணக்கும் வங்கிக் கணக்குமே உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி, சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்டரஸ்ட் போன்ற தாய் அமைப்பின் கீழ் சேர்ந்தால் பணத்தையும் சட்ட வேலையையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சேரும்போதே வெளியேறும் வழியையும் படித்துவிடுங்கள்: பணமும் பெயரும் எப்படி அடுத்த இடத்துக்கு மாறும், எத்தனை நாள் அவகாசம். இப்படிப் பல குழுக்களைத் தாங்கிய ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024 பிப்ரவரியில் தன்னைக் கலைக்கப்போவதாக அறிவித்தபோது, அந்த ஆண்டுக்குள் எல்லோரும் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

அப்புறம் ரெப்பாசிட்டரியில் (கோடு சேமித்துவைக்கும் இடம்) ஒரு பக்கக் கோப்பு ஒன்று போடுங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது, பேக்கேஜ் வெளியிடும் சாவி எந்த இருவரிடம் இருக்கிறது, புதியவரை மெயின்டெய்னராக (திட்டத்தைப் பராமரிப்பவராக) சேர்க்க எத்தனை பேர் சம்மதம் வேண்டும், ஒருவர் ஆறு மாதம் காணாமல் போனால் என்ன செய்வது, இந்தக் கோப்பையே மாற்ற யார் யார் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காரணம் பன்னிரண்டாவது பதிலில் இருக்கிறது. நாலு பேர் என்பதால் ஒரே மாலையில் எழுதி முடித்துவிடலாம். நாற்பது பேர் ஆன பிறகு எழுத உட்கார்ந்தால், முதல் பத்தியிலேயே வாக்குவாதம் தொடங்கிவிடும்.